புதிதாக வந்திறங்கும் அகதிகளுக்குக் குடற்புழு: சோதித்துப் பார்த்து மருந்தா, சோதிக்காமலே மருந்தா?

அமெரிக்காவுக்கு மறுகுடியேற்றத்தில் வரும் அகதிகள், வந்திறங்கி 30 முதல் 90 நாளுக்குள் ஒரு முழு மருத்துவப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பது அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் பரிந்துரை. காசநோய், ஹெபடைட்டிஸ் பி, குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம், விட்டுப்போன தடுப்பூசிகள், மனநலம் என்று அன்று பார்க்க வேண்டியவை ஏராளம். குடற்புழுவும் அந்தப் பட்டியலில் ஒன்று. வீட்டையும் உறவையும் இழந்து வந்தவர்களிடம் வயிற்றுப் பூச்சியைப் பற்றிப் பேசுவது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் இதில் அன்று எடுக்கும் முடிவு சிலருக்கு இருபது, முப்பது ஆண்டு கழித்து உயிர்ப் பிரச்சினையாக வந்து நிற்கிறது.

மருத்துவர் முன் இருக்கும் வழிகள் நான்கு. தொந்தரவு என்று அவர்களே சொல்லும்வரை காத்திருக்கலாம். எல்லோருக்கும் மலப் பரிசோதனை செய்யலாம். ரத்தத்தில் எதிர்ப்புரதம் (புழுவை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதம்) இருக்கிறதா என்று பார்க்கலாம். எதையும் சோதிக்காமல், இருக்கும் என்றே வைத்துக்கொண்டு எல்லோருக்கும் பூச்சி மருந்து கொடுத்துவிடலாம். கடைசி வழியில் இன்னொரு கேள்வியும் உண்டு: மருந்தை அவர்கள் புறப்படும் முன்பே கொடுப்பதா, வந்த பிறகு கொடுப்பதா?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தப் புழு அதிகம் பேரிடம் இருக்கிறது என்று பார்த்து வழியைத் தேர்ந்தெடுத்தால், கொல்லக்கூடிய புழு நழுவிவிடும். எதைத் தவறவிட்டால் பின்னால் ஓர் ஆளை இழப்போம் என்று பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

நமக்கெல்லாம் தெரிந்த மூன்று புழுக்களை எடுத்துக்கொள்வோம்: உருண்டைப்புழு, சாட்டைப்புழு, கொக்கிப்புழு. உலகெங்கும் கோடிக்கணக்கானவர்களிடம் இருப்பவை. இவற்றின் முட்டை மலத்தோடு வெளியேறி, மண்ணில் சில நாளோ சில வாரமோ கிடந்து பக்குவப்பட்ட பிறகுதான் இன்னொருவரைத் தொற்ற முடியும். உடலுக்குள்ளேயே பெருகாது. கழிப்பறையும் காலணியும் உள்ள ஊருக்கு வந்துவிட்டால் புதுப் புழு சேர வழியில்லை. பழைய புழு ஒரு சில ஆண்டுகளில் தானாக மடியும். “காத்திருந்து பார்ப்போம்” என்பவர்களின் வாதம் முழுக்க இதன்மேல்தான் நிற்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் பயப்பட ஒன்றுமில்லை என்பதற்கும் இதுவே காரணம். அகதிகள் நோயைக் கொண்டுவந்து பரப்புகிறார்கள் என்று கூச்சலிடுபவர்களுக்கு இந்தப் புழுக்களின் வாழ்க்கைச் சுழற்சியே போதுமான பதில். சிகிச்சை தேவைப்படுவது வந்தவருக்காக, அவருடைய ரத்தசோகைக்காக, அவர் பிள்ளையின் வளர்ச்சிக்காக.

காத்திருப்பது எனக்கு ஒப்பாத வழி. கொக்கிப்புழு குடல் சுவரைக் கடித்து ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஏற்கெனவே முகாம் உணவில் இரும்புச்சத்து குறைந்துபோன ஒரு கர்ப்பிணிக்கு அந்த “ஒரு சில ஆண்டு” மிக நீண்ட காலம். அதுவுமல்லாமல், தொந்தரவு இருந்தால் சொல்வார்கள் என்று எதிர்பார்ப்பதே தவறு. மந்தமான வயிற்றுவலியோடும் சோர்வோடும் பத்து ஆண்டு முகாமில் வாழ்ந்தவருக்கு அதுதான் இயல்பு நிலை. மொழிபெயர்ப்பாளர் வழியாக, அறிமுகமில்லாத ஒரு மருத்துவரிடம், மலம் கழிப்பதைப் பற்றி யார் தானாகப் பேச்செடுப்பார்கள்?

1999-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளிவந்த ஒரு கணக்கீடு இந்த விவாதத்தின் போக்கை மாற்றியது. காத்திருப்பது, மலப் பரிசோதனை செய்வது, எல்லோருக்கும் அல்பெண்டசோல் என்ற பூச்சி மருந்து கொடுப்பது ஆகிய மூன்றையும் அமெரிக்காவுக்கு வரும் குடியேறிகளை வைத்து ஒப்பிட்டார்கள். ஆபத்துள்ள நாடுகளிலிருந்து வரும் எல்லோருக்கும் மருந்து கொடுத்தால் ஆண்டுக்குக் குறைந்தது 33 மரணங்களையும் 374 மருத்துவமனைச் சேர்க்கைகளையும் தடுக்கலாம், 42 லட்சம் டாலர் மிச்சமாகும் என்று வந்தது. உயிரைக் காத்து, பணத்தையும் மிச்சப்படுத்தும் தலையீடுகள் மருத்துவத்தில் அபூர்வம். மலப் பரிசோதனை வழியோ மிக அதிகச் செலவு பிடிப்பதாகத் தெரிந்தது.

மலப் பரிசோதனையின் குறை செலவு மட்டுமல்ல. ஒரே மாதிரியில் முட்டை தென்படாமல் போகலாம் என்பதால் இரண்டு அல்லது மூன்று மாதிரிகளை வெவ்வேறு நாளில் கேட்பார்கள். ஏழு பேர் உள்ள குடும்பம் என்றால் 21 டப்பா வரை. ஊரின் பேருந்துத் தடம்கூடப் பழகாத தாய் அவற்றை ஆய்வுக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சேர்த்தாலும் அறிக்கையில் வருவது குழப்பம். பிளாஸ்டோசிஸ்டிஸ் என்று இருக்கும், எண்டமீபா கோலை என்று இருக்கும். இரண்டும் குடலில் வாழும் நுண்ணுயிர்கள். பின்னது தீங்கே செய்யாதது. முன்னது பெரும்பாலானவர்களை ஒன்றும் செய்வதில்லை. சீதபேதி உண்டாக்கும் எண்டமீபா ஹிஸ்டோலிட்டிக்காவையும் சாதுவான எண்டமீபா டிஸ்பாரையும் வழக்கமான நுண்ணோக்கிப் பரிசோதனையில் பிரித்தறிய முடியாது. பெயர் வந்துவிட்டதே என்று தேவையில்லாத மெட்ரோனிடசோல் எழுதப்படுவது நடக்கிற காரியம்தான்.

சோதிக்காமலே மருந்து கொடுப்பது சிடிசியின் நடைமுறையாகவே ஆனது. கென்யாவில் தங்கியிருந்த பராவா ஊர் சோமாலி அகதிகளை 1997-ல் புறப்படும் முன் பரிசோதித்தபோது மலேரியாவும் குடல் ஒட்டுண்ணிகளும் நிறையத் தென்பட்டன. 1999-லிருந்து ஆப்பிரிக்காவின் சஹாராவுக்குத் தெற்கிலிருந்தும் தென்கிழக்கு ஆசியாவிலிருந்தும் அமெரிக்கா செல்லும் அகதிகளுக்குப் புறப்படும் முன்பே அல்பெண்டசோல் ஒரே வேளையாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் குடற்புழு நீக்க நாளன்று பிள்ளைகளுக்குத் தருகிற அதே மருந்துதான்.

பலன் என்ன என்பதற்கு மினசோட்டா மாநிலம் நல்ல சாட்சி. 1993 முதல் 2007 வரை அங்கே வந்த சுமார் 27,000 அகதிகளின் மலப் பரிசோதனை முடிவுகளை எடுத்து, மருந்து உண்டவர்களையும் உண்ணாதவர்களையும் ஒப்பிட்டார்கள். உண்ணாதவர்களில் 20.8 சதவீதம் பேரிடம் ஏதேனும் ஓர் உருளைப்புழு வகை (உருண்டைப்புழு, சாட்டைப்புழு, கொக்கிப்புழு மூன்றும் இதில் அடங்கும்) இருந்தது. உண்டவர்களில் 4.7 சதவீதம். உருண்டைப்புழுவும் கொக்கிப்புழுவும் ஏறக்குறைய துடைத்தெடுத்ததுபோல் குறைந்தன. சாட்டைப்புழு மட்டும் கொஞ்சம் முரண்டு பிடித்தது. ஒரே ஒரு வேளை தரும் அல்பெண்டசோலுக்கு அது முழுமையாக அசைவதில்லை. பேதி உண்டாக்கும் ஜியார்டியா என்ற நுண்ணுயிரும், நத்தைகள் வழியாக வரும் சிஸ்டோசோமா என்ற புழுவும் சிறிதும் குறையவில்லை. மலத்தை மட்டும் பார்க்கும் ஆய்வில் சரியாகவே சிக்காத இன்னொரு புழுவும் இருக்கிறது. என் கவலை முழுவதும் அதைப் பற்றித்தான்.

அதன் பெயர் ஸ்ட்ராங்கிலாய்டிஸ். வெறுங்காலோடு நடக்கும்போது மண்ணிலிருந்து தோல் வழியாக நுழைந்து, நுரையீரல் வழியாகச் சுற்றிவந்து, சிறுகுடலில் போய்த் தங்கும். மற்றப் புழுக்கள் முட்டையை வெளியே அனுப்புகின்றன. இதன் முட்டையோ குடலிலேயே பொரித்துவிடும். அந்த இளம்புழுக்களில் சில வெளியேறாமல் அங்கேயே முதிர்ந்து, குடல் சுவரையோ ஆசனவாயைச் சுற்றியுள்ள தோலையோ துளைத்து மீண்டும் அதே உடலுக்குள் நுழைகின்றன. மண் தேவையில்லை, இன்னொரு மனிதர் தேவையில்லை. மருந்து கொடுக்காவிட்டால் இந்தச் சுழற்சி வாழ்நாள் முழுவதும் ஓடும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போர்க் கைதிகளைக் கொண்டு சயாம்–பர்மா ரயில் பாதை போட்டார்கள். உயிர்பிழைத்து ஊர் திரும்பிய பிரிட்டிஷ் சிப்பாய்களை லிவர்பூலின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் நாற்பது ஆண்டுக்கு மேல் கழித்துச் சோதித்தபோதும் பலரிடம் இந்தப் புழு உயிரோடு இருந்தது. அதே பாதையில் மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரமாயிரமாய் மாண்டதை நாம் அறிவோம். அவர்களும் மிதித்தது அதே மண்தான்.

பெரும்பாலானவர்களிடம் இது அமைதியாகவே இருக்கும். எப்போதாவது வயிற்றுவலி, பிட்டத்திலோ தொடையிலோ அரிப்போடு வேகமாக நகரும் ஒரு சிவப்புக் கோடு, ரத்தத்தில் ஈசினோபில் என்ற வெள்ளணு ஏறியிருப்பது. சிலரிடம் இதுவும் இருக்காது. ஆபத்து வருவது நோய் எதிர்ப்புச் சக்தி தணியும்போது. ஆஸ்துமாவுக்கோ, மூட்டு நோய்க்கோ, சிறுநீரக மாற்று அறுவைக்கோ ஸ்டீராய்டு தொடங்கினால் புழுக்கள் கட்டுமீறிப் பெருகி நுரையீரல், கல்லீரல், மூளை என்று பரவுகின்றன. போகும்போது குடல் பாக்டீரியாவையும் ரத்தத்துக்குள் இழுத்துச் செல்கின்றன. மருத்துவர் கண்ணுக்குத் தெரிவது ரத்தத்தில் கிருமித் தொற்றும் மூளைக்காய்ச்சலும்தான். உள்ளே இருக்கும் புழுவை யாரும் நினைப்பதில்லை. அடையாளம் காணாமல் விட்டால் பெரும்பாலானவர்கள் பிழைப்பதில்லை. 2020 ஜூனில் கொரோனா நோயாளிகளுக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு பலன் தருவது தெரியவந்ததும், அகதிகள் மருத்துவத்தில் அனுபவமுள்ள அமெரிக்க மருத்துவர்கள் உடனே மருத்துவ இதழில் எச்சரித்தது இதைத்தான். ஸ்டீராய்டு கொடுக்கும் முன் நோயாளி எந்த நாட்டில் வளர்ந்தவர் என்று கேளுங்கள், தேவைப்பட்டால் இந்தப் புழுவைக் கொல்லும் ஐவர்மெக்டின் மருந்தைக் கொடுங்கள் என்றார்கள். கொரோனாவுக்கே ஐவர்மெக்டின் மருந்து என்று அந்நாளில் பரவிய வதந்தியோடு இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இங்கே மருந்து புழுவுக்கு.

ஒரு மலப் பரிசோதனையில் ஸ்ட்ராங்கிலாய்டிஸ் உள்ளவர்களில் 70 சதவீதம் பேர்வரை தவறிவிடக்கூடும். இளம்புழுக்கள் கொஞ்சமாகவும் விட்டுவிட்டும்தான் வெளியேறும். “மலத்தில் ஒன்றுமில்லை” என்ற அறிக்கையை நம்பி ஒருவருக்கு ஸ்டீராய்டு எழுதுவதைவிடச் சோதிக்காமலே இருப்பது மேல், சந்தேகமாவது மிஞ்சும். ஒரே ஒரு வேளை தரும் அல்பெண்டசோலும் இந்தப் புழுவை நம்பத்தக்க வகையில் தீர்ப்பதில்லை. ஆக, எல்லோருக்கும் தெரிந்த சோதனை, எல்லோருக்கும் தெரிந்த மாத்திரை, இரண்டுமே இங்கே கைவிடுகின்றன.

மீதி இருப்பவை இரண்டு: ரத்தப் பரிசோதனை, ஐவர்மெக்டின்.

உண்மையான ஒப்பீடு இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. எதிர்ப்புரதச் சோதனைக்குத் தனியாக ஊசி குத்த வேண்டியதில்லை. மற்றச் சோதனைகளுக்கு எடுக்கும் ரத்தத்திலேயே இன்னும் ஒரு குழாய். மலப் பரிசோதனையைவிட மிக அதிகம் பேரைப் பிடித்துக்காட்டும். சிகிச்சைக்குப் பின் ஆறு மாதம், ஓராண்டில் அளவு இறங்குகிறதா என்று பார்த்துப் பலனையும் அறியலாம். பலவீனங்களும் உண்டு. பழைய தொற்றா, இப்போது உள்ளதா என்று பிரித்துச் சொல்லாது. யானைக்கால் வகைப் புழுக்கள் இருந்தாலும் இருக்கிறதென்று காட்டக்கூடும். நோய் எதிர்ப்புச் சக்தி மிகக் குன்றியவரிடம் இல்லையென்றே காட்டலாம். எல்லாவற்றையும்விட, முடிவு வர நாளாகும். வந்ததும் நோயாளியை மறுபடி அழைக்க வேண்டும். அதற்குள் அவர் வேலை கிடைத்த வேறு மாநிலத்துக்குக் குடும்பத்தோடு போயிருப்பார். மினியாபொலிஸுக்கு வந்தவர் டெக்ஸாசுக்கோ, டெக்ஸாசுக்கு வந்தவர் மினியாபொலிஸுக்கோ மாறுவது அகதிகள் வாழ்க்கையில் வெகு சாதாரணம்.

ஐவர்மெக்டின் அளவு ஒரு கிலோ எடைக்கு 200 மைக்ரோகிராம், அடுத்தடுத்து இரண்டு நாள். 60 கிலோ எடையுள்ளவருக்கு 3 மில்லிகிராம் மாத்திரை நான்கு, மறுநாளும் நான்கு. பக்கவிளைவு பெரும்பாலும் லேசானது. புறப்படும் முன் மருத்துவப் பணியாளர் கண்முன்னே விழுங்கிவிட்டால் காரியம் முடிந்தது. மறுபடி அழைக்கும் வேலையே இல்லை. அமெரிக்கா செல்லும் அகதிகளுக்கு இந்த ஏற்பாடுகளைப் பெரும்பாலும் களத்தில் செய்வது புலம்பெயர்வுக்கான சர்வதேச அமைப்பான ஐஓஎம். ஆசியாவிலிருந்து செல்பவர்களுக்கு அல்பெண்டசோலும் ஐவர்மெக்டினும். ஆப்பிரிக்காவின் சஹாராவுக்குத் தெற்கிலிருந்து செல்பவர்களுக்கு இவற்றோடு சிஸ்டோசோமாவுக்காகப் பிராசிகுவான்டெலும். என் பார்வையில் இருக்கும் வழிகளிலேயே சிறந்தது இதுதான்.

பிராசிகுவான்டெலை ஏன் சேர்த்தார்கள் என்பதற்கு ஒரு கதை உண்டு. சூடான் போரில் பெற்றோரைப் பிரிந்து, எத்தியோப்பியா வரை நடந்து, அங்கிருந்தும் விரட்டப்பட்டு, கடைசியில் கென்யாவின் ககுமா முகாமில் வளர்ந்த இளைஞர்கள் 2000, 2001 ஆண்டுகளில் ஆயிரக்கணக்கில் அமெரிக்கா வந்தார்கள். பின்னர் அவர்களில் 462 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 46 சதவீதம் பேரிடம் ஸ்ட்ராங்கிலாய்டிஸுக்கும், 44 சதவீதம் பேரிடம் சிஸ்டோசோமாவுக்கும் எதிர்ப்புரதம் இருந்தது. சில ஆண்டு கழித்து வந்த சோமாலி பான்டு மக்கள் 100 பேரில் சிஸ்டோசோமா 73 சதவீதம். ஆற்றிலும் குளத்திலும் உள்ள நத்தைகள் வழியாக வரும் இந்தப் புழு ரத்தக் குழாயில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து கல்லீரலையோ சிறுநீர்ப்பையையோ மெல்ல மெல்லக் கெடுக்கும். உயிர் தப்ப ஆற்றைக் கடந்து ஓடிய பிள்ளைகளைத் தொற்றிய புழு இது. வெறும் அல்பெண்டசோலோடு நிறுத்தியிருந்தால் இவர்களில் பாதிப் பேருக்கு எதுவும் செய்ததாகாது.

சோதிக்காமல் மருந்து என்ற வழியை நான் எவ்வளவு ஆதரித்தாலும், ஓரிடத்தில் அது ஆளைக் கொல்லக்கூடும். காங்கோ ஜனநாயகக் குடியரசு, கேமரூன், காபோன், மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு போன்ற நாடுகளில் லோவா லோவா என்ற இன்னொரு புழு இருக்கிறது. பகலில் கடிக்கும் ஒருவகை ஈயால் பரவுவது. இதன் நுண்புழுக்கள் ரத்தத்தில் மிக அதிகமாக உள்ளவருக்கு ஐவர்மெக்டின் கொடுத்தால் மூளை பாதிக்கப்பட்டு நினைவிழக்கலாம், இறக்கவும் நேரலாம். அதனால் அந்நாடுகளிலிருந்து வருபவர்களுக்குப் புறப்படும் முன் ஐவர்மெக்டின் கிடையாது. 2024 வரை அமெரிக்காவுக்கு வந்த மிகப் பெரிய அகதிக் குழுக்களில் காங்கோ மக்களும் அடக்கம் என்பதால் இதை அரிதான விதிவிலக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. இவர்களுக்கு ரத்தப் பரிசோதனையே சரியான வழி. ஸ்ட்ராங்கிலாய்டிஸ் இருப்பதாகத் தெரிந்தால் காலை 10 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையே ரத்தம் எடுத்து லோவா நுண்புழு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவை ரத்தத்தில் நடமாடும் நேரம் அது. மாலையில் எடுத்த ரத்தத்தில் இல்லை என்று வந்தால் அதை நம்ப முடியாது. நுண்புழு மிகுதியாக இருந்தால், அல்பெண்டசோலை நாளுக்கு இரு வேளையாக ஏழு நாள் கொடுக்கும் வழி உண்டு. ஐவர்மெக்டின் அளவுக்குத் திறன் இல்லாவிட்டாலும் அது பாதுகாப்பானது.

வலிப்பு நோயும் இப்படி ஒரு தடைதான். பன்றி நாடாப்புழுவின் கூடுகள் மூளையில் இருப்பவருக்கு அல்பெண்டசோலோ பிராசிகுவான்டெலோ கொடுத்தால் வலிப்பு வரலாம். நேபாளம், பர்மா போன்ற நாடுகளிலிருந்து வருபவர்களிடம் “வீட்டில் யாருக்காவது வலிப்பு வந்ததுண்டா?” என்ற கேள்வியை மாத்திரைக்கு முன்னால் கேட்டே ஆக வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம், விமானச் சீட்டோடும் மருத்துவக் கோப்போடும் வரும் அகதிகளுக்கு. எல்லையைத் தாண்டி வந்து தஞ்சம் கேட்பவருக்குப் புறப்படும் முன் மருந்து கொடுக்க யாருமில்லை. 2021 ஆகஸ்டில் காபூலிலிருந்து அவசரமாக ஏற்றிவரப்பட்டவர்களுக்கும் வழக்கமான முன்னேற்பாடுகளுக்கு நேரமே இருக்கவில்லை. ஐரோப்பாவுக்குப் படகிலும் நடந்தும் வருபவர்கள் பெரும்பாலோரும் இந்த வகைதான். ஐரோப்பிய நோய்த் தடுப்பு மையம் 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், இப்படி வருபவர்களில் ஆபத்துள்ள நாட்டவருக்கு ஸ்ட்ராங்கிலாய்டிஸ், சிஸ்டோசோமா இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறது. நிரந்தர மருத்துவரும் காப்பீடும் உள்ளவருக்கு அது பொருந்தும். அடுத்த மாதம் எங்கே தூங்குவோம் என்று தெரியாதவருக்கு, லோவா நாட்டவர் இல்லையென்றால், வந்த அன்றே கையில் மாத்திரையைக் கொடுத்து அங்கேயே விழுங்க வைப்பதே நல்லது என்று நினைக்கிறேன்.

கனடாவுக்கு 1980-களிலும் 90-களிலும் தஞ்சம் கேட்டுப் போன ஈழத் தமிழர்களும் இந்த இரண்டாம் வகைதான். அன்று வயலிலும் வீட்டு முற்றத்திலும் வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு இன்று அறுபது, எழுபது வயது. ஆஸ்துமாவும் மூட்டுவலியும் சிறுநீரகக் கோளாறும் வரும் வயது. அவர்களில் யாரிடமாவது இந்தப் புழு இருக்கலாம். ஸ்டீராய்டு மாத்திரையை நீண்ட நாளுக்கு எழுதும் மருத்துவரிடம், “நான் வெப்பமண்டல நாட்டில் வளர்ந்தவர், ஸ்ட்ராங்கிலாய்டிஸ் ரத்தப் பரிசோதனை செய்யலாமா?” என்று கேட்பதற்கு ஒரு நிமிடம் போதும்.

மலப் பரிசோதனைக்கு இடமே இல்லையா? உண்டு. முன்கூட்டியே மருந்து உண்ட பிறகும் பேதி நிற்காத குழந்தைக்கு, எடை ஏறாத குழந்தைக்கு, ஜியார்டியா இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். புழு மருந்து ஒரு வேளை கொடுப்பதால் அது போகாது. அது குழந்தைக் காப்பகங்களில் பரவவும் கூடும். மருந்துக்குப் பின்னும் ஈசினோபில் குறையாமல் நிற்பவரையும் மேற்கொண்டு சோதிக்க வேண்டும். மற்ற எல்லோரிடமும் டப்பாக்களைக் கொடுத்தனுப்பும் வழக்கத்தை விட்டுவிடலாம்.

கடைசியாக, மருந்து தள்ளிப்போடப்பட்டவர்களைப் பற்றி. கர்ப்பிணிக்குப் புறப்படும் முன் அல்பெண்டசோலும் ஐவர்மெக்டினும் கொடுப்பதில்லை. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு அல்பெண்டசோல் கிடையாது, 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கு ஐவர்மெக்டின் கிடையாது. கோப்பில் “கொடுக்கப்படவில்லை” என்று எழுதியிருக்கும், அவ்வளவுதான். பிரசவம் முடிந்து அந்தப் பெண்ணை அழைத்து மருந்து கொடுக்க வேண்டியது யார் பொறுப்பு என்று அங்கே எழுதியிருக்காது. மகப்பேறு மருத்துவர் புழுவைப் பற்றி நினைக்க மாட்டார். அகதிகள் கிளினிக் தன் பரிசோதனை முடிந்துவிட்டது என்று கோப்பை மூடியிருக்கும். அந்தக் குடும்பங்களோடு துணைக்குப் போகும் தன்னார்வலர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் முதல் சந்திப்பிலேயே மருத்துவக் கோப்பைத் திறந்து, எந்த மருந்து யாருக்குக் கொடுக்கப்பட்டது, யாருக்கு விடுபட்டது என்று பார்த்து, விடுபட்டவரின் பெயரையும் குழந்தை பிறக்கவிருக்கும் மாதத்தையும் குறித்துக்கொண்டு, அந்த மாதம் தாண்டியதும் கிளினிக்கை அழைக்க வேண்டும்.